டர்பைன் புகையிலிருந்து கூடுதல் கரண்ட்: குமரிக் காற்றுக்கு ஏற்ற ஒரு வழிகாட்டி

சிறிய கேஸ் டர்பைன் ஒன்று எரிக்கும் எரிவாயுவில் கால்பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு, மின்சாரமாகும். மீதி ஏறக்குறைய முழுக்கப் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. அந்த மீதியில் ஒரு பகுதியைப் பிடித்து, எரிவாயுச் செலவைக் கூட்டாமல் இன்னும் கொஞ்சம் மின்சாரம் எடுப்பது எப்படி என்று இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

குமரி மாவட்டத்தில் மின் உற்பத்தி என்றால் கோதையாற்றுப் புனல்மின் நிலையமும் முப்பந்தல் காற்றாலைகளும்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டின் கேஸ் டர்பைன் நிலையங்கள் எரிவாயு கிடைக்கும் பக்கம் இருக்கின்றன: கோவில்களப்பால், குத்தாலம், வழுதூர். அந்த மூன்றிலும் டர்பைன் புகையில் நீராவி உண்டாக்கி இரண்டாவது டர்பைன் ஓட்டுகிறார்கள். ஆனால் அவையெல்லாம் பெரிய நிலையங்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் படித்துவிட்டு வளைகுடா எண்ணெய் வயல்களுக்குப் போகிற பிள்ளைகள் அங்கே பார்ப்பது பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து மெகாவாட் வரையிலான சின்ன டர்பைன்கள். ஊரில் ஆலைக்குச் சொந்தமாக ஒன்று வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதே அளவுதான் பொருந்தும். ஆகவே கணக்குகளை அந்த அளவிலும், வானிலையை நம் ஊரிலும் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெப்பத்தைப் பிடிப்பது பெரிய கஷ்டம் இல்லை. வேலை முடிந்த பிறகு மிஞ்சும் வெப்பத்தை எங்கே கொட்டுவது என்பதுதான் நம் காற்றில் சிக்கல். புதியவர்கள் பாய்லர் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். திட்டம் தேறுவதும் விழுவதும் கண்டென்சர் பக்கம், அதாவது வேலை முடிந்த ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் இடத்தில்.

முதலில் மணிநேரம்

டர்பைன் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? இந்த ஒரு கேள்வியிலேயே பாதித் திட்டங்கள் முடிந்துபோகும். வெப்பமீட்பில் 400 கிலோவாட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 32 லட்சம் யூனிட். காற்றாலை படுத்துவிடும் மாசி, பங்குனியில் மட்டும் துணைக்கு ஓட்டி 600 மணி நேரம்தான் வருகிறது என்றால் 2.4 லட்சம் யூனிட். யூனிட் ஏழு ரூபாய் என்று போட்டால் முதலாவது வருடத்துக்கு 2 கோடியே 24 லட்சம் ரூபாய். இரண்டாவது 17 லட்சத்தைத் தொடாது. இயந்திரத்தின் விலையோ இரண்டுக்கும் ஒன்றுதான். ஏழு ரூபாய்க்குப் பதில் உங்கள் ஹெச்.டி. (உயரழுத்த மின் இணைப்பு) பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஐயாயிரம் மணி நேரமாவது ஓடாத டர்பைனுக்கு வெப்பமீட்பு வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம் வெப்பக் கணக்கு

டீசல் இன்ஜினில் வீணாகும் வெப்பம் பல பக்கமாகச் சிதறும்: கொஞ்சம் புகையில், கொஞ்சம் ரேடியேட்டர் தண்ணீரில், கொஞ்சம் எண்ணெயில். டர்பைனில் ஏறக்குறைய எல்லாமே புகையில்தான் போகிறது. ஒரே இடத்தில் ஒரு வெப்பமாற்றியை, அதாவது புகையின் சூட்டை வேறொரு திரவத்துக்கு மாற்றும் கருவியை, வைத்தால் போதும்.

உதாரணத்துக்கு சாட்டர்ன் 20 என்ற பழைய, எல்லோரும் அறிந்த டர்பைனை எடுத்துக்கொள்வோம். சுமார் 1,200 கிலோவாட், மின் திறன் 24 சதவீதம், புகை நொடிக்கு ஆறரை கிலோ, சூடு 500 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். இந்தப் புகையை 150 டிகிரி வரை ஆறவைத்து வெப்பத்தை எடுத்தால்:

6.5 × 1.1 × (505 − 150) = சுமார் 2,540 கிலோவாட் வெப்பம்.

இதில் 1.1 என்பது ஒரு கிலோ புகையின் சூடு ஒரு டிகிரி மாற எத்தனை கிலோஜூல் வேண்டும் என்ற எண்.

பெயர்ப்பலகை எண்ணை அப்படியே நம்பாமல் எரிபொருள் பக்கமிருந்தும் சரிபாருங்கள். 1,200 கிலோவாட்டை 0.24 ஆல் வகுத்தால் 5,000 கிலோவாட் எரிபொருள், அதாவது மணிக்கு ஏறக்குறைய 500 கன மீட்டர் இயற்கை எரிவாயு. அதில் மின்சாரம் 1,200 போக மீதி 3,800. எண்ணெய்க் கூலர், ஜெனரேட்டர், சுவர் வழியாகப் போகும் சூடு ஆகியவற்றுக்குச் சில சதவீதம் கழித்தால் மூவாயிரத்து ஐந்நூறு, அறுநூறு வரும். புகைப் பக்கமிருந்து 6.5 × 1.1 × (505 − 15) என்று போட்டாலும் 3,500தான் வருகிறது. இரண்டும் இப்படிக் கிட்டத்தட்டப் பொருந்தவேண்டும். பொருந்தவில்லை என்றால் கேஸ் மீட்டரையோ, சூடு அளக்கும் தெர்மோகப்பிளையோ சந்தேகப்படுங்கள். குழாயில் புகை ஒரே சீரான சூட்டில் ஓடாது. ஒரே ஒரு தெர்மோகப்பிளைச் செருகிவிட்டு வந்த எண்ணை எழுதுவது வீண். குறுக்குவெட்டில் பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

மேலே 15 டிகிரி என்று போட்டதைக் கவனித்தீர்களா? டர்பைன் நிறுவனங்கள் தங்கள் எண்களை 15 டிகிரி காற்று, 60 சதவீத ஈரப்பதம், கடல் மட்டம் என்ற கணக்கில் தருகின்றன. குமரியில் கடல் மட்டம் கிடைக்கும். 15 டிகிரி கிடைக்காது. காற்று ஒரு டிகிரி சூடாகும்போது சின்ன டர்பைனின் உற்பத்தி அரை முதல் முக்கால் சதவீதம் வரை குறையும், சிலவற்றில் அதற்கு மேலும். 32 டிகிரிப் பகலில் 1,200 என்பது 1,050 பக்கம் வந்துவிடும். புகையின் அளவும் 6 சதவீதம்போலக் குறையும். ஆனால் சூடு கொஞ்சம் ஏறுவதால் மீட்கக்கூடிய வெப்பம் பெரிதாக மாறாது; 2,450 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம்.

65 கிலோவாட் மைக்ரோ டர்பைன்களில் கதை வேறு. கேப்ஸ்டோன் சி65 போன்றவற்றில் ரெக்குபரேட்டர் என்ற உள் வெப்பமாற்றி ஏற்கெனவே புகையின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. வெளியே வருவது நொடிக்கு அரைக் கிலோப் புகை, 300 டிகிரிக்குச் சற்று மேல். அதை 120 டிகிரி வரை ஆறவைத்தாலும் 100 கிலோவாட் வெப்பம்தான். அதிலிருந்து மின்சாரம் எடுத்தால் கையில் நிற்பது எட்டு கிலோவாட்.

மின்சாரமாகத்தான் வேண்டுமா?

எட்டு கிலோவாட்டுக்காக ஒரு தனி இயந்திரம் வாங்குவதை விட, பக்கத்தில் யாருக்குச் சூடு தேவை என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடத்துக்கு வேண்டியது அறுபது டிகிரிக்குள்தான். முந்திரி ஆலைக்குக் கொட்டை அவிக்க ஆவியும், பருப்பு உலர்த்தச் சூடும் வேண்டும். குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் மீன் இறங்கும் இடத்தில் ஐஸ் வேண்டும்.

ஐஸ் கணக்கு சுவாரசியமானது. அதே 65 கிலோவாட் டர்பைனின் புகையை 160 டிகிரி வரை ஆறவைத்தால் 80 கிலோவாட் வெப்பம். அதை, கம்ப்ரசருக்குப் பதில் சூட்டால் ஓடும் அம்மோனியா–தண்ணீர் உறிஞ்சுமுறைக் குளிரூட்டிக்குக் கொடுத்தால் ஏறக்குறைய 40 கிலோவாட் குளிர், நாளுக்கு ஆறு டன் கட்டி ஐஸ். இதே ஐஸை வழக்கமான கம்ப்ரசரில் செய்தால் 13 கிலோவாட் மின்சாரம் ஆகியிருக்கும். எட்டு கிலோவாட் உற்பத்தியா, 13 கிலோவாட் மிச்சமா? மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். 100 கிலோவாட்டுக்குக் கீழே உள்ள டர்பைனில் வெப்பத்தை வெப்பமாகவோ குளிராகவோ பயன்படுத்துங்கள். மின்சாரம் எடுக்க இறங்காதீர்கள்.

நீராவியா, ஓ.ஆர்.சி.யா?

ஒரு மெகாவாட்டும் அதற்கு மேலும் என்றால் மின்சாரம் யோசிக்கத் தகுந்தது. இரண்டு வழி. முதலாவது நீராவி. 500 டிகிரிப் புகையில் நல்ல நீராவி எடுக்கலாம், ஆனால் 400 கிலோவாட் அளவில் நீராவி டர்பைன்களின் திறன் மோசம். தண்ணீர்ச் சுத்திகரிப்பு, பாய்லர் பதிவு, சான்றிதழ் உள்ள பாய்லர் அட்டெண்டன்ட் என்று செலவும் தொடர்ந்து வரும். ஆலைக்கு ஏற்கெனவே நீராவி தேவைப்பட்டால் மட்டும் இது சரி.

இரண்டாவது ஓ.ஆர்.சி. எனப்படும் ஆர்கானிக் ரான்கைன் சுழற்சி. தண்ணீருக்குப் பதில் பென்டேன், டொலுவீன், சிலாக்சேன், ஆர்-245எஃப்ஏ போன்ற ஏதாவது ஒரு திரவம் கொதித்து டர்பைனைச் சுழற்றும். ஐஸ் கம்பெனியில் அம்மோனியா ஓடும் பாதையைத் திருப்பி ஓட்டியதுபோல நினைத்துக்கொள்ளுங்கள்: அங்கே மின்சாரம் கொடுத்துச் சூட்டை வெளியேற்றுகிறோம், இங்கே சூட்டைக் கொடுத்து மின்சாரம் எடுக்கிறோம். எவாப்பரேட்டர், கண்டென்சர், பம்ப், சீல், லீக் என்று பாகங்களும் தொல்லைகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குளச்சலில் அம்மோனியா கம்ப்ரசர் பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவர், புத்தகத்தில் மட்டும் படித்த என்ஜினியரை விடச் சீக்கிரம் ஓ.ஆர்.சி.யைப் புரிந்துகொள்வார்.

பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கும், விலை மலிவு, ஆனால் காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஆர்-245எஃப்ஏ எரியாது. ஆனால் புவி வெப்பமாதலில் அதன் பங்கு கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. சூடு மிஞ்சினால் சிதைந்து அமிலமும் ஆகும். 500 டிகிரிப் புகையை இந்தத் திரவங்கள் மேல் நேரே படவிடக்கூடாது என்பதால் நடுவில் தெர்மிக் ஃப்ளூயிட் (சூட்டைச் சுமந்து செல்லும் எண்ணெய்) சுற்று ஒன்று வைப்பது வழக்கம். அது கொஞ்சம் திறனைத் தின்னும். பரவாயில்லை, நிம்மதிக்கான விலை அது.

நம் உதாரணத்தில் 2,450 கிலோவாட் வெப்பத்தில் 18 சதவீதம் எடுத்தால் 440. பம்பும் விசிறியும் தின்றது போக 400 கிலோவாட். டர்பைன் தருவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்.

பலர் மறந்துவிடும் மூன்றாவது வழியும் உண்டு. வெப்பத்தைக் கொண்டு லித்தியம் புரோமைடு சில்லர் (சூட்டால் ஓடி, தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) ஓட்டி, டர்பைனுக்குள் போகும் காற்றைக் குளிரவைப்பது. 32 டிகிரியை 15 ஆக்கினால் வெயில் தின்ற 150 கிலோவாட் திரும்பி வரும். 70 சதவீத ஈரப்பதத்தில் இதற்கு வேண்டிய குளிர் சுமார் 280 கிலோவாட், அதாவது 80 டன் ஏ.சி. அதில் பாதிக்கு மேல் காற்றைக் குளிர்விக்கப் போகவில்லை. காற்றிலிருந்து தண்ணீரைப் பிழியப் போகிறது. குமரியில் இந்த ஈரப்பத வரியைக் கட்டித்தான் ஆகவேண்டும். பிழிந்த தண்ணீர் மணிக்கு 200 லிட்டருக்கு மேல் வரும். அதைச் சாக்கடையில் விடாமல் கூலிங் டவருக்குத் திருப்புங்கள், உப்பில்லாத நல்ல தண்ணீர்.

சில்லருக்கு 90 டிகிரி வெந்நீர் போதும் என்பதுதான் இதில் அழகு. ஓ.ஆர்.சி. 150 டிகிரியில் விட்டுவிட்ட புகையை 110 வரை ஆறவைத்தால் இன்னொரு 270 கிலோவாட் வெப்பம், அதிலிருந்து 190 கிலோவாட் குளிர். தேவையில் மூன்றில் இரண்டு பங்கு, ஓ.ஆர்.சி.யின் வெப்பத்தில் கை வைக்காமலே. ஆனால் கந்தகம் குறைந்த இயற்கை எரிவாயுவுக்கு மட்டும்தான் 110. டீசலோ சுத்திகரிக்காத சாண எரிவாயுவோ என்றால் அந்தச் சூட்டில் அமிலம் படிந்து குழாய் அரித்துவிடும். 150க்குக் கீழே இறங்காதீர்கள்.

குளிர்ந்த முனை

இனி முக்கியமான இடம். 2,450 கிலோவாட் வெப்பத்தில் 440 மின்சாரம் போனால் மீதி 2,000 கிலோவாட்டை எங்கேயாவது கொட்டவேண்டும்.

கூலிங் டவர் வைத்தால் ஓ.ஆர்.சி. திரவம் 40 டிகிரியில் குளிர்ந்து திரவமாகும். ஆனால் மணிக்கு மூவாயிரம் லிட்டர் தண்ணீர் ஆவியாகிப்போகும், நாளுக்கு 70 ஆயிரம். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் ஆறு நடை. உப்புச் சேராமல் இருக்கக் கழித்துவிடும் தண்ணீர் அதற்கு மேல். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்று நம்பி இறங்காதீர்கள். மழை பெய்யும் மாதம் வேறு, ஆலை ஓடும் மாதம் வேறு. கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் இருக்கும். குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரியது, அதில் கண் வைக்கவே வேண்டாம்.

காற்றுக் கண்டென்சர் வைத்தால் தண்ணீர் வேண்டாம், ஆனால் திரவம் குளிர்வது 48, 50 டிகிரியில். இந்தப் பத்து டிகிரியின் விலை என்ன? திரவம் கொதிக்கும் சூடான முனை 250 டிகிரி என்றால் மின்சாரத்தில் சுமார் 5 சதவீதம். சூடான முனை 120 டிகிரிதான் என்றால் 12 சதவீதத்துக்கு மேல். சூடு குறைந்த மூலத்தில் குளிர்ந்த முனை இன்னும் அதிகமாகக் கடிக்கும். சின்ன டர்பைனின் 500 டிகிரிப் புகைக்கு 5 சதவீத இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே நம் ஊருக்கு என் தேர்வு காற்றுக் கண்டென்சர்தான்.

அதை எங்கே, எந்தத் திசையில் வைப்பது? ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் என்றால் ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். காற்றாலைக்கு வரமான அது கண்டென்சருக்குத் தொல்லை. விசிறி மேலே தள்ளிய சூடான காற்றை அடித்து இறக்கி மறுபடி கீழே உள்ளே அனுப்பிவிடும். நீளவாட்டில் காற்றின் போக்கோடு வையுங்கள், காற்று வரும் பக்கம் பெரிய கட்டடம் வேண்டாம், கால்களை உயர்த்துங்கள், தேவைப்பட்டால் காற்றுத் தடுப்பு வலை. குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் என்றால் உப்புக்காற்று. கண்டென்சர் குழாய்மேல் உள்ள அலுமினியத் துடுப்புத் தகடு வெறுமனே இருந்தால் சீக்கிரமே பொரிந்துவிடும். பூச்சுப் பூசியதை வாங்கி, நல்ல தண்ணீரில் கழுவ வசதி செய்யுங்கள். அதே உப்பு டர்பைனுக்குள் போனால் எரிபொருளில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகி, சூடான இறக்கைகளை அரிக்கும். காற்று வடிகட்டியில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

குழாய், டாம்பர், காற்றோட்டம்

டர்பைனுக்கும் வெப்பமாற்றிக்கும் நடுவில் ஒரு டைவர்ட்டர் டாம்பர் (புகையின் பாதையைத் திருப்பும் கதவு) கட்டாயம். ஓ.ஆர்.சி. நின்றுபோனால் டர்பைன் நிற்கக்கூடாது. புகை, வெப்பமாற்றியைத் தொடாத பைபாஸ் குழாய் வழியாக வானத்துக்குப் போகவேண்டும். மின்சாரமோ டாம்பரை இயக்கும் அழுத்தக் காற்றோ போனால் டாம்பர் தானாகவே பைபாஸ் பக்கம் திறக்கும்படி இருக்கட்டும்.

வெப்பமாற்றி புகைக்கு எதிர் அழுத்தம் கொடுக்கும். இந்த அழுத்தத்தைத் தண்ணீர்த் தம்பத்தின் உயரத்தில் அளப்பார்கள். அது 100 மில்லிமீட்டர் கூடினால் டர்பைன் உற்பத்தி ஏறக்குறைய அரை சதவீதம் குறையும். 250க்குள் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெப்பமாற்றி மலிவு என்று வாங்கி, டர்பைனில் இழந்து, ஓ.ஆர்.சி.யில் சம்பாதித்ததாகக் கணக்குக் காட்டுகிறவர்கள் உண்டு.

மற்றொன்று உயிர் சம்பந்தப்பட்டது. டர்பைன் பற்றாமல் நின்றுபோனால் எரியாத எரிவாயு வெப்பமாற்றிக் கூண்டுக்குள் தேங்கும். அடுத்த முயற்சியில் பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே ஒவ்வொரு தடவையும் பற்றவைக்கும் முன், டர்பைனைத் தீயில்லாமல் சுழற்றி, கூண்டின் கன அளவைப்போல ஐந்து மடங்கு காற்றையாவது தள்ளி வெளியேற்றவேண்டும். இந்த நேரத்தைக் குறைக்கச் சொல்லி ஷிப்டில் யாராவது அவசரப்படுத்துவார்கள். கேட்காதீர்கள். வெப்பமாற்றியைப் புதிதாகச் சேர்த்த பிறகு பழைய பர்ஜ் (காற்றுத் தள்ளும்) நேரம் போதாது, ஏனென்றால் கன அளவு கூடிவிட்டது. டைமரை மாற்றினார்களா என்று கேட்டுச் சரிபாருங்கள்.

காகித வேலை

நீராவி என்றால் பாய்லர் துறை: 25 லிட்டருக்கு மேற்பட்ட, அழுத்தத்தில் நீராவி உண்டாக்கும் மூடிய கலன் சட்டத்துக்குள் வரும். 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 ஆம் ஆண்டுப் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. பழைய வழிகாட்டிகளை வைத்து விண்ணப்பம் எழுதவேண்டாம். ஜெனரேட்டருக்கு மின் ஆய்வாளர் அனுமதி. மின்வாரியக் கம்பியோடு இணைத்து ஓட்டுவதென்றால் அவர்களுடைய சம்மதமும், மின்சாரம் எதிர்த்திசையில் போனால் துண்டிக்கும் ரிலேயும். பென்டேன் வைப்பதாக இருந்தால் தொழிலகப் பாதுகாப்பு, தீயணைப்பு இரண்டு அலுவலகத்துக்கும் இடத்தின் வரைபடத்தோடு முன்கூட்டியே போய்வாருங்கள். இயந்திரம் வந்து இறங்கிய பிறகு போனால் வேலை நீளும்.

வாங்கும் ஒப்பந்தம்

விற்பவர் சொல்லும் 440 கிலோவாட் ஜெனரேட்டர் முனையில் உள்ள எண்ணாக இருக்கும். பம்ப், கண்டென்சர் விசிறி, தெர்மிக் ஃப்ளூயிட் பம்ப், கட்டுப்பாட்டு அறை ஏ.சி. எல்லாம் கழித்த நிகர எண்ணை எழுதச் சொல்லுங்கள். எந்தக் காற்றுச் சூட்டில் என்றும் எழுதவேண்டும். 15 டிகிரி என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம், டர்பைனுக்கு 250 மில்லிமீட்டருக்கு மிகாத எதிர் அழுத்தம் என்ற நிலையில் நிகர கிலோவாட் எவ்வளவு, குறைந்தால் ஒரு கிலோவாட்டுக்கு எவ்வளவு பணம் பிடித்தம் என்று இருக்கட்டும்.

சோதனை ஓட்டத்தைச் சித்திரை வெயிலில் ஒரு தடவை, ஆடிக் காற்றில் ஒரு தடவை வைத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் காலையில் வைக்கலாம் என்று விற்பவர் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டர்பைன் உற்பத்தி, ஓ.ஆர்.சி. நிகரம், புகை உள்ளே வரும் சூடு, வெளியே போகும் சூடு, கண்டென்சர் அழுத்தம், காற்றுச் சூடு ஆகிய ஆறையும் ஷிப்டுக்கு ஒரு தடவை கையால் ஒரு நோட்டில் எழுதும் பழக்கம் வையுங்கள், கம்ப்யூட்டரில் பதிவாகிறது என்றாலும். காற்றுச் சூடு மாறாமல் கண்டென்சர் அழுத்தம் மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே போனால் துடுப்பில் உப்பும் தூசியும் அடைத்திருக்கும், இல்லையென்றால் சுற்றுக்குள் எங்கோ காற்று புகுந்திருக்கும். முதலில் கழுவிப் பாருங்கள். கழுவிய பிறகும் இறங்கவில்லை என்றால் லீக் தேடுங்கள்.